இஞ்சேருங்கோ

புளியங்கூடலில் யாராவது கண்ணை மூடிவிட்டால் முதல் ஆள் ஐயர் வீட்டுக்குப் போவார்; அடுத்த ஆள் சறோஜினிதேவி வீட்டுக்கு வருவார். ஐயரின் வேலை ஆத்துமாவைக் கரையேற்றுவது. சறோஜினிதேவியின் வேலை கல்வெட்டு எழுதுவது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, சாப்பாட்டுக்கு இலை போடுமுன் சபையில் பாடி, பிறகு ஆளுக்கொன்றாகக் கையில் கொடுக்கும் அந்தச் சின்ன அச்சுப் புத்தகம் இல்லாமல் தீவுப் பகுதியில் யாரும் மரியாதையாகச் செத்தது கிடையாது. அதில் ஊர்ச் சிறப்பு, குலச் சிறப்பு எல்லாம் கழிந்தபின் "மனைவி புலம்பல்" என்று ஒரு பகுதி வரும். சறோஜினிதேவியின் பேரெல்லாம் அதில்தான். சும்மா சொல்லக்கூடாது, புருஷனோடு காலமெல்லாம் கீரியும் பாம்புமாக இருந்தவள்கூட அவள் எழுதிய புலம்பலைக் கேட்டால் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுவாள்.

அதெல்லாம் ஒரே புலம்பல்தான் என்பது எழுதுகிறவளுக்கும் ஊர்காவற்றுறையில் அச்சுக்கூடம் வைத்திருந்த வல்லிபுரத்துக்கும் மட்டுமே தெரியும். "ஆருயிரே, அத்தானே, ஆலமர நிழலே" என்று தொடங்கும். பேர் வருகிற இடத்தை மட்டும் மாற்றினால் போதும். ஒருமுறை அதையும் மாற்ற மறந்துபோய், பக்கத்து வீட்டு இராசமணி தன் புருஷன் தியாகலிங்கத்துக்காக அழ வேண்டிய இடத்தில் அதற்கு முன் செத்த கரம்பொன் பாலசிங்கத்துக்காக அழுதுவிட்டாள். பாடியவர் பாடினார், சபை அழுதது, எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் சறோஜினிதேவி நினைத்திருந்தாள்.

இந்தக் கைவண்ணத்தில் மயங்காத ஒரே மனிதர் அவளுடைய புருஷன் செல்வரத்தினம். இரத்தினபுரிப் பக்கம் ஒரு சிறு பட்டணத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் கடிதம்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள், ஊரையே அழவைக்கிறவள், புருஷனுக்கு எழுதும்போது மட்டும் "நலம், நலமறிய ஆவல். இங்கு மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் உண்டு" என்று எழுதுவாள். பிள்ளைகளும் இல்லாததால் எழுதுவதற்கு வேறு செய்தியும் அவளுக்குத் தோன்றாது.

"ஊருக்கெல்லாம் இந்த அழுகை அழுறீர், எனக்கு மட்டும் அரசாங்கக் கச்சேரியிலையிருந்து வாற கடிதம் மாதிரி எழுதுறீர்," என்பார் அவர், வந்து நிற்கிற நாட்களில். "ஒருக்காலாவது உம்மட வாயாலை எழுதுமன்."

"வாயாலை எப்பிடி எழுதுறது? கையாலைதான் எழுதலாம்," என்று அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அடுத்த கடிதத்திலும் மழை இருக்காது, கிணற்றில் தண்ணீர் இருக்கும்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தெற்கே தமிழரின் கடைகள் எரிந்தன. உயிர் தப்பிய சனம் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியது. செல்வரத்தினத்தின் கடையில் நின்ற பரராசசிங்கமும் வந்தான். சாமான் எடுக்க வேறு பட்டணம் போயிருந்தவன் திரும்பிப் பார்க்கும்போது அந்தத் தெருவே கரிந்து கிடந்ததாம். அவனால் சொல்ல முடிந்தது ஒரே சொல்தான். "முதலாளியைக் காணேல்லை அக்கா."

காணேல்லை. சறோஜினிதேவி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். பொட்டையும் விடவில்லை, தாலியையும் விடவில்லை. யார் கேட்டாலும் "அவரைக் காணேல்லை" என்பாள், சந்தைக்குப் போனவரைச் சொல்வதுபோல. இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

எண்பத்தைந்து ஆடியில் செல்வரத்தினத்தின் தமையன் தம்பிராசா வந்து கதிரையில் உட்கார்ந்தார். தேத்தண்ணியைக் கையில் வாங்கினாரே தவிரக் குடிக்கவில்லை.

"பிள்ளை, ஆவணிக் கடைசியிலை நான் மகனிட்டைக் கனடாவுக்குப் போறன். திரும்பி வருவனோ தெரியாது. அதுக்கு முந்தித் தம்பியின்ரை காரியத்தைச் செய்து போட்டுப் போகவேணும். உடம்பு இல்லாட்டி என்ன, தர்ப்பையிலை உருவம் செய்து செய்யலாம் எண்டு ஐயர் சொல்லுறார். ஒரு ஆத்துமாவை இப்பிடி அலைய விடேலாது."

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனுஷனோடு சண்டை போடலாம், ஆனால் அவர் சொல்வது நியாயம். அதுதான் அவளுக்குக் கோபமாக வந்தது.

"சரி, பெரியத்தான். ஆனா கல்வெட்டு நான்தான் எழுதுவன்."

"உம்மை விட்டா வேறை ஆர் இருக்கினம்?" என்றார் அவர். அப்போதுதான் தேத்தண்ணியைக் குடித்தார்.

பள்ளிக்கூட விடுமுறை. வீட்டில் அவள் ஒருத்தி. சாப்பாட்டு மேசையில் கடதாசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊர்ச் சிறப்பையும் குலச் சிறப்பையும் பழைய அச்சிலேயே வார்த்துவிட்டாள். அதில் அவளுக்கு அக்கறை இல்லை. மனைவி புலம்பலும் சோறு கொதிக்குமுன் வந்துவிட்டது. "ஆருயிரே, அத்தானே" என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். அவள் அத்தான் என்று கூப்பிடுவது தம்பிராசாவைத்தான். கனடாவுக்குப் போக இருக்கிற மனுஷனை ஆலமர நிழலே என்று அழைத்து அழுவதுபோல இருந்தது. சிரிப்பு வந்தது, பிறகு தன்மேலேயே அருவருப்பு வந்தது. இவரை அனுப்பிவைக்கிற கடைசிக் காரியத்திலும் கச்சேரிக் கடிதமா? ஒரே ஒருதரம், அவருக்கென்று, தன்னுடைய சொல்லில் எழுத முடியாவிட்டால் இத்தனை வருடம் எழுதியதெல்லாம் எதற்கு? கடதாசியைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

அடுத்த நாள் வேறு விதமாகப் பார்த்தாள். நிழல், விளக்கு, தெய்வம், துணை, தேம்புதல் என்று தன் கல்வெட்டுகளில் வழக்கமாக வருகிற சொற்கள் ஒன்றையும் தொடுவதில்லை என்று முடிவுகட்டினாள். அவற்றை விலக்கியதும் கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை. வெயில் ஏறி உச்சிக்கு வந்துவிட்டது. பனைகளில் ஒரு ஓலைகூட அசையவில்லை. கடைசியில் ஒரு வரி வந்தது: "தேத்தண்ணிக்குச் சீனி போட்டால் நீங்கள் கலக்கமாட்டீர்கள். குடித்து முடித்து, அடியில் கிடப்பதை விரலால் வழித்து நக்குவீர்கள்."

இதைக் கொண்டுபோய்ச் சபையில் பாடுவதா என்று அவள் தலையில் அடித்துக்கொண்டபோது, குசினியில் யாரோ தேத்தண்ணிப் பேணியை நிலத்தில் வைக்கிற சத்தம் கேட்டது.

எழுந்து போய்ப் பார்த்தாள். பூனை இல்லை. கதவு சாத்தியிருந்தது. கழுவிக் கவிழ்த்த பேணி வைத்த இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றி எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

அவள் பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளே சந்தோஷமும் இருந்தது. பேணியைக் கழுவாமல் அப்படியே விட்டுவிட்டு வந்து, எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அதற்குப் பிறகு "உம்மட வாயாலை எழுதுமன்" என்று அவர் சொன்னதை அப்படியே செய்து பார்க்கத் துணிந்தாள். முற்றம் கூட்டும்போது வாய்விட்டு அவரோடு பேசுவாள். பேசி முடித்ததும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிப்போய், வாயில் வந்ததை வந்தபடியே எழுதுவாள். தமிழ் ரீச்சர் படித்த இலக்கணம் எல்லாம் காற்றில் போயிற்று. ஆனால் எழுத்து நன்றாக வந்தது. அது அவளுக்கே தெரிந்தது. வேலியில் ஓணான் விழுந்து அவர் குதித்தது, திருவிழாவில் அவர் வாங்கிய பச்சைச் சட்டையைப் பார்த்து அவள் நாள் முழுக்கச் சிரித்தது எல்லாம் வந்தன. அவள் முற்றத்தில் நடந்தால் பின்னால் ஒரு செருப்புச் சத்தமும் நடந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தால் இருக்காது என்று தெரிந்ததால் அவள் திரும்பவில்லை.

ஆசை பிடித்துவிட்டது. ஒரு படி நன்றாக வந்தால் உடனே "இது சரியில்லை" என்று ஓரமாக வைப்பாள்; மற்றொன்று தொடங்குவாள். முடித்துவிட்டால் அச்சுக்குப் போகும், அச்சுக்குப் போனால் அந்தியேட்டி, அந்தியேட்டி முடிந்தால் செருப்புச் சத்தம் நின்றுவிடும். இது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தம்பிராசா ஆள் அனுப்பியபோதெல்லாம் "இன்னும் வரேல்லை" என்று சொல்லியனுப்பினாள். உண்மையில் வராதது ஒன்றுமில்லை, அனுப்பத்தான் மனமில்லை. சோறும் இரண்டு பேருக்குப் போட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் இராசமணி எத்தனை நாள்தான் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள்? ஒருநாள் வேலிக் கடப்பைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டாள்.

"சறோ, ஆரோடை கதைக்கிறாய்?"

"கல்வெட்டுக்கு எழுதிப் பாக்கிறன் அக்கா."

இராசமணி மேசையைப் பார்த்தாள். இரண்டு சோற்றுக் கோப்பை இருந்தது. ஒன்றில் சோறு தொடப்படாமல் காய்ந்து கிடந்தது.

"என்ரை மனுசன்ரை கல்வெட்டிலை நீ பாலசிங்கத்தாற்றை பேரை விட்டிட்டாய். எனக்கு அண்டைக்கே தெரியும்."

சறோஜினிதேவிக்கு முகம் செத்துப்போயிற்று. "ஏனக்கா அப்ப சொல்லேல்லை?"

"சொல்லி என்ன? நான் அவரைத் தியாகலிங்கம் எண்டும் கூப்பிட்டதில்லை, அத்தான் எண்டும் கூப்பிட்டதில்லை. அதிலை ஆற்றை பேர் கிடந்தா எனக்கென்ன? நான் அழுதது வேறை." இராசமணி காய்ந்த சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். "கெதியா முடி பிள்ளை. அவர் உன்னோடை இருக்கத்தான் வாறாரோ, வேறை என்னத்துக்கும் வாறாரோ, உனக்கென்ன தெரியும்?"

அந்தக் கேள்வி அவளைத் தைத்துவிட்டது. என்னத்துக்கு வருகிறார்? அதை அவரிடமே கேட்டுப் பார்க்க ஒரு வழிதான் அவளுக்குத் தெரிந்தது. அடுத்த நாள் மத்தியானம் அவருடைய சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்து, மடியில் கடதாசியை வைத்து, அவராக நின்று "நான்" என்று எழுதத் தொடங்கினாள்.

முதலில் சிரமமாக இருந்தது. பிறகு கை தானாகவே ஓடியது. கடையின் பலகைகளைப் போடுகிறேன். மல்லி மூட்டையை உள்ளே இழுக்கிறேன். தெருவில் சனம் சத்தம் போடுகிறது. பின்பக்கக் கதவுக்குப் போகிறேன். அவளுக்குப் புகை மணத்தது. அடுப்பு நூர்ந்து சாம்பல் ஆறிக் கிடந்தது, அயலில் யாரும் குப்பை கொளுத்தவில்லை. ஆனாலும் மிளகாயும் தேங்காயெண்ணெயும் சேர்ந்து எரிகிற காறல் மணம் தொண்டையைப் பிடித்தது. இருமிக்கொண்டே எழுதினாள். கண்ணீர் முட்டி எழுத்துத் தெரியவில்லை. கை நின்றபோது குனிந்து பார்த்தாள். கடைசி வரி இப்படி இருந்தது:

"இஞ்சேரும், கதவைத் திறவும்."

இஞ்சேரும். அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். சறோ என்றோ தேவி என்றோ ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கலியாணம் செய்த நாள் முதல் இஞ்சேரும்தான்.

அவள் பாய்ந்து எழுந்து வாசல் கதவைத் திறந்தாள். குசினிக் கதவைத் திறந்தாள். அறைக் கதவு, பின் கதவு, ஒரு யன்னல் விடாமல் எல்லாவற்றையும் திறந்துபோட்டாள். அலுமாரியைக்கூடத் திறந்தாள். வெயிலும் கடற்காற்றும்தான் உள்ளே வந்தன. முற்றத்தில் நின்று மூச்சு வாங்கும்போது அவளுக்கு விளங்கியது. அவர் திறக்கச் சொன்னது இந்த வீட்டுக் கதவை இல்லை. தெற்கே, அந்தக் கடையின் பின்கதவை. வெளியிலிருந்து பூட்டிக் கிடந்த கதவை. இரண்டு வருடமாக அவர் அதையேதான் தட்டிக்கொண்டு நிற்கிறார். அவள் இங்கே செருப்புச் சத்தத்தை ரசித்துக்கொண்டு, சோறு போட்டுக்கொண்டு, படிமேல் படி எழுதி அவரை அந்தக் கதவடியிலேயே நிறுத்திவைத்திருக்கிறாள்.

அவள் முற்றத்து மண்ணில் உட்கார்ந்து, கல்வெட்டில் ஒருநாளும் எழுதத் தெரியாத ஒரு அழுகையை அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிவிட்டுப் போய் எழுதினாள். அவர் கூப்பிட்டதற்கு அவள் எப்போதும் என்ன சொல்லுவாளோ, அதே சொல்லில் தொடங்கினாள். பாதிப் பக்கம்கூட வரவில்லை. படி எடுக்கவும் இல்லை. எழுதிய கையோடு பஸ் ஏறி ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோனாள். வழியில் படையினர் சோதனைக்கு இறக்கியபோதும் அந்தக் கடதாசியைக் கையைவிட்டு விடவில்லை.

வல்லிபுரம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"ரீச்சர், மிச்சம் எங்கை?"

"இவ்வளவுதான்."

"இது... கதைக்கிற சொல்லெல்லோ. இந்த ‘இஞ்சேருங்கோ’வை அச்சிலை எப்பிடிப் போடுறது? நாலு பேர் படிக்கிறது. ‘இங்கே பாருங்கள்’ எண்டு திருத்தி விடட்டே?"

"ஒரு எழுத்தையும் தொடக் கூடாது, அண்ணை."

வல்லிபுரம் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு எழுத்துப் பெட்டியை இழுத்தார்.

கடற்கரையில் தர்ப்பை உருவத்தை எரித்துக் கிரியை முடித்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். பந்தலில் ஆண்கள், உள்ளே பெண்கள். பசி வேளை. குசினியிலிருந்து குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்துக் கல்வெட்டெல்லாம் பாடுகிற தில்லைநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஊர்ச் சிறப்பைப் பாடினார். குலச் சிறப்பைப் பாடினார். மனைவி புலம்பலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். வாயைத் திறந்தார், மூடினார், பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு என்ன ராகம் எண்டு எனக்கு விளங்கேல்லை," என்றார் தம்பிராசாவிடம், கூச்சத்தோடு. "பாட்டு மாதிரித் தெரியேல்லை."

தம்பிராசா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. "என்ன பிள்ளை இது? ஊருக்கெல்லாம் அப்பிடி எழுதிப்போட்டு, என்ரை தம்பிக்கு இப்பிடியே?"

"தாங்கோ பெரியத்தான், நான் வாசிக்கிறன்."

பெண்கள் சபையில் கல்வெட்டு வாசிக்கிற வழக்கம் அந்த ஊரில் இருந்ததில்லை. ஆனால் அவள் கேட்ட விதத்தில் யாரும் மறுக்கவில்லை. குசினி வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புத்தகம் கையில் இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. பந்தலுக்கு அப்பால் திறந்து கிடந்த வாசல் படலையைப் பார்த்து, சோறு போட்டுவைத்துவிட்டு எப்படிக் கூப்பிடுவாளோ அப்படியே கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ!"

பந்தலில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தம்பிராசா திரும்பினார். தில்லைநாதன் திரும்பினார். தட்சணையை மடியில் முடிந்துகொண்டிருந்த ஐயரும் திரும்பினார். பின்வரிசையில் வல்லிபுரம் கதிரையிலிருந்து பாதி எழும்பியே விட்டார். ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் குசினி வாசலிலிருந்து வருகிற அதே குரல். யாருடைய பேரும் இல்லாத, எல்லாப் புருஷன்மாருக்கும் உரிய அந்தச் சொல். தன்னுடையது, தனக்கு மட்டுமே உரியது என்று அவள் தேடித் தேடிக் கண்டெடுத்தது ஊரிலுள்ள அத்தனை பெண்களின் சொல்லாக இருந்தது. உள்ளே பெண்களிடமிருந்து ஒரு சிரிப்பு எழும்பியது. எழும்பின இடத்திலேயே அறுந்து நின்றது.

சறோஜினிதேவி திரும்பிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் கூப்பிட்டால் எப்போதும் "என்ன?" என்று ஒரு குரல் வரும். கிணற்றடியிலிருந்து வரும், அறைக்குள்ளிருந்து வரும், வாயில் சுருட்டோடு வரும். அந்த "என்ன?"வுக்காகக் காத்து நின்றாள். படலையால் காற்று வந்தது. செருப்புச் சத்தம் வரவில்லை.

குரல் தழுதழுக்காமல் மிச்சத்தையும் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ,
கதவு திறந்துதான் கிடக்கு.
தண்ணி அள்ளி வைச்சிருக்கு, முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ.
தேத்தண்ணி நான் கலக்கேல்லை.
சோறு ஆறுது."

ஆண்கள் திரும்பிய தலையை மீண்டும் திருப்பத் தெரியாமல் அப்படியே இருந்தார்கள். தம்பிராசா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

உள்ளிருந்து இராசமணி வந்து அவளுடைய தோளைப் பிடித்தாள். சறோஜினிதேவி புத்தகத்தை மூடினாள். இரண்டு வருடமாகக் காணேல்லை, காணேல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்த அந்த வாயிலிருந்து, முதன்முறையாக வேறு சொல் வந்தது.

"அவர் செத்துப்போனார், அக்கா."